குறைமாதப் பிள்ளையும் வீட்டுப் பயிற்சியும்

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போதும் 2024 நவம்பர் வெள்ளத்தின்போதும் கல்முனைக் கரையோரத்தில் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. இப்படி இடம்பெயரும்போது கிளினிக்குடனான தொடர்பு அறுந்துபோவதுண்டு. குறைமாதப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பாகும். முதல் வருடத்திலேயே குறையைக் கண்டு பயிற்சி தொடங்கினால்தான் கூடிய பயன் கிடைக்கும்.

வயதைக் கணக்கிடுதல்

பிந்தி விதைத்த வயலை நாம் அயல் வயலோடு ஒப்பிடுவதில்லை. பிள்ளையும் அப்படித்தான். நிறைமாதம் 40 வாரம். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை 8 வாரம் முந்திவிட்டது. எனவே பிறந்து 6 மாதமானாலும் வளர்ச்சியைப் பார்க்கும்போது ஏறக்குறைய 4 மாதமாகவே கொள்ள வேண்டும். 2 வயதுவரை இவ்வாறு கணக்கிடலாம். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதியே கணக்கு.

வீட்டில் செய்யக்கூடியவை

கருப்பையின் கடைசி வாரங்களில் பிள்ளை கைகாலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். அந்த வாரங்களை இழந்த பிள்ளையின் உடல் தளர்ந்திருக்கும்; கைகால்கள் பரந்து விழும். ஆகவே:

1. தூக்கும்போது இரு கைகளும் நெஞ்சின் நடுவே வரவும், கால்கள் மடிந்திருக்கவும் அணையுங்கள்.

2. சிறு பிள்ளையை உம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் சுற்றுங்கள். வாப்பாவும் இதைச் செய்யலாம். இன்குபேட்டர் போதாத நிலையில் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய முறை இது.

3. விழித்திருக்கையில், நீங்கள் அருகிலிருந்து, சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். கழுத்து பலப்படும். உறங்கும்போது மல்லாத்தியே கிடத்த வேண்டும்.

4. குளிப்பாட்டும்போது கைகாலை இழுத்து உருவ வேண்டாம். நடைவண்டியில் இருத்தவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

திருத்திய வயதில் 4 மாதமாகியும் தலை நிற்காவிட்டால், கை எப்போதும் இறுகப் பொத்தியிருந்தால், 9 மாதமாகியும் தானாக உட்காராவிட்டால், கால்கள் கத்தரிக்கோல்போல் பின்னினால், ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பாவித்தால் காத்திருக்க வேண்டாம். "போகப் போகச் சரியாகும்" என்று மூத்தவர்கள் சொன்னாலும் வைத்தியரிடம் காட்டி, இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கண்ணையும் காதையும் பரிசோதித்தார்களா என்றும் விசாரியுங்கள். கண்ணின் விழித்திரைப் பரிசோதனை பிறந்து சில வாரங்களுக்குள் நடக்க வேண்டியது.

வீடு மாறினாலும் பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் காணி உறுதியைப் போல் பத்திரப்படுத்துங்கள். போய்ச் சேரும் இடத்தில் முதல் வாரத்திலேயே அப்பகுதி மருத்துவமாதுவிடம் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள்.