லென்ஸும் சென்சாரும் சேர்ந்தே கழலும் கேமரா: வாங்கலாமா, வேண்டாமா?

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று சமீபத்தில் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டிருந்த சமயம் அந்த வீட்டுப் பையன் ஒரு கேமராவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "அங்கிள், இது ரிகோ ஜிஎக்ஸ்ஆர். ரொம்ப நாளாக பீரோவில் சும்மா கிடக்கிறது. இந்த மாதிரி சாமான்களைப் பிரித்துப் பார்ப்பதில் உங்களுக்குத்தான் ஆசை. நீங்கள் சொல்வதுதான் விலை" என்றான்.

எனக்கு ஆசை உண்டுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய நெகடிவ்கள் இருக்கின்றன. என் சித்தப்பா 1970களில் ஊரில் எடுத்தவை பாதி, நான் வேலை பார்த்த இடங்களில் எடுத்தவை மீதி. சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தபோது குப்பென்று காடி வாடை அடித்தது. பழைய பிலிமின் அடித்தாள் அசிடேட் என்னும் பொருளால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பிலிம் சுருங்கி, நெளிந்து, கடைசியில் உபயோகமில்லாமல் போகும். ஆக, பிரதி எடுப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது. அதற்கு இந்தக் கேமரா உதவுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். பார்த்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எந்தச் சாமானை வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும்.

என்ன கருவி இது?

சாதாரணமாக லென்ஸ் மாற்றும் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் உடம்புக்குள் இருக்கும். லென்ஸ் மட்டும் கழலும். 2009 நவம்பரில் ரிகோ நிறுவனம் அறிவித்த ஜிஎக்ஸ்ஆர் அப்படியல்ல. லென்ஸ், சென்சார், படத்தைச் செம்மை செய்யும் மின்சுற்று மூன்றும் ஒரே பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கும். அதற்கு யூனிட் என்று பெயர். உடம்பில் திரை, பொத்தான்கள், பாட்டரி, மெமரி கார்டு, பிளாஷ் ஆகியவைதான். யூனிட்டைப் பக்கவாட்டில் நகர்த்திச் செருகினால் பூட்டிக்கொள்ளும்.

ரயில்வே பாஷையில் சொன்னால், ஓட்டுநர் அறை மட்டும் தனியாக நிற்கிறது, எஞ்சினும் சக்கரமும் ஒவ்வொரு பெட்டியோடும் சேர்ந்தே வருகின்றன. வேறு வேகம் வேண்டுமென்றால் எஞ்சினோடு பெட்டியையே மாற்ற வேண்டும்.

2009 முதல் 2012 வரை மொத்தம் ஆறு யூனிட்டுகள் வந்தன. முதலில் வந்தவை இரண்டு. ஒன்று, சிறிய பொருட்களைக் கிட்டத்தில் எடுக்கும் 50 மி.மீ. மேக்ரோ. மற்றது 24-72 மி.மீ. ஜூம். 2010இல் 28-300 மி.மீ. நீள ஜூமும் 28 மி.மீ. அகல லென்ஸும் வந்தன. 2011இல் லைகா எம் வகை லென்ஸ்களைப் பொருத்தும் யூனிட்டும், 2012இல் 16 மெகாபிக்சல் கொண்ட 24-85 மி.மீ. ஜூமும் வந்தன. இந்த மி.மீ. கணக்கெல்லாம் பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவுக்குச் சமமாகச் சொல்லப்படுபவை.

லாபம் என்ன?

சென்சாரின் அளவை லென்ஸுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் முதல் லாபம். மழையில் மொட்டை மாடியில் ஓர் அண்டா, ஒரு சொம்பு, ஒரு டம்ளர் வைத்தால் வாய் அகலத்துக்குத் தக்கபடிதான் தண்ணீர் சேரும். வெளிச்சமும் அப்படியே. 50 மி.மீ. மேக்ரோ யூனிட்டின் சென்சார் சுமார் 23.6க்கு 15.7 மி.மீ., அதாவது 370 சதுர மி.மீ. 24-72 ஜூமின் சென்சார் சுமார் 43 சதுர மி.மீ. நீள ஜூமின் சென்சார் 28 சதுர மி.மீ.தான். பெரிய சென்சார் மங்கிய வெளிச்சத்திலும் நல்ல படம் தரும், ஆனால் நீள ஜூம் லென்ஸை அதற்குச் செய்தால் கை கொள்ளாத சாமான் ஆகிவிடும். சின்ன சென்சாருக்குச் செய்தால் சட்டைப்பை அளவில் முடிந்துவிடும். ஒரே உடம்பில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்பது நல்ல யோசனைதான்.

இரண்டாவது லாபம் தூசி. லென்ஸைக் கழற்றும்போது உள்ளே போகும் தூசி சென்சாரில் ஒட்டி, எல்லாப் படத்திலும் புள்ளியாக விழும். நம் பக்கத்துக் கோடைக் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூடிய யூனிட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எங்கே இடிக்கிறது?

கேரேஜ் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் பட்டது பிரேக் கட்டை. சக்கரம் பல வருடம் உழைக்கும், பிரேக் கட்டை சீக்கிரம் தேயும். அதனால்தான் சக்கரத்தைத் தொடாமல் கட்டையை மட்டும் மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் தேய்வதையும் நெடுநாள் உழைப்பதையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இணைக்கக்கூடாது என்பது பழுதுபார்ப்பவன் பாடம்.

கேமராவில் நெடுநாள் உழைப்பது லென்ஸ். நல்ல கண்ணாடி ஐம்பது வருடம் ஆனாலும் கண்ணாடிதான். சீக்கிரம் பழசாவது சென்சாரும் மின்சுற்றும். ஜிஎக்ஸ்ஆர் அந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிவிட்டது. புது சென்சார் வேண்டுமென்றால் பழுதில்லாத லென்ஸையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். மாறாத பாகமாக நிற்பது திரையும் பொத்தானும் உள்ள உடம்பு. அதுவும் சில வருடங்களில் பழசாகிற சாமான்தான்.

2011இல் வந்த லைகா எம் யூனிட்டில் லென்ஸே இல்லை. சென்சாரும் லென்ஸ் பூட்டும் வாயும் மட்டும்தான். அந்த எம் வாய் 1954இல் தொடங்கிய அளவு. அன்று செய்த லென்ஸ்களில் பெரும்பாலானவை இதில் பொருந்தும். லென்ஸையும் சென்சாரையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்று தொடங்கியவர்களே கடைசியில் பிரித்தும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது கப்ளிங். சென்னை பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பழைய ரகப் பெட்டிகளின் தயாரிப்பு 2018 ஜனவரியில் நின்றது. ஆனால் அன்றே ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் நின்றுவிடவில்லை. அவற்றின் உதிரி பாகங்களுக்கு வரைபடம் உண்டு, அந்த அளவில் செய்துதர பல பட்டறைகள் உண்டு. அளவு பொதுச் சொத்தாக இருந்தால், தயாரிப்பு நின்றாலும் சாமான் வாழும்.

கேமரா உலகிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. 2008இல் ஒலிம்பஸ், பானசோனிக் இரு நிறுவனங்களும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற பொது அளவை அறிவித்தன. 2021 தொடக்கத்தில் ஒலிம்பஸ் தன் கேமரா தொழிலை வேறு கைக்கு மாற்றிவிட்டது. அன்று வாங்கிய லென்ஸ்கள் இன்றும் புதுக் கேமராவில் பொருந்துகின்றன. ஜிஎக்ஸ்ஆரின் இணைப்போ ஒரே நிறுவனத்துடையது. 2012க்குப் பிறகு புது யூனிட் வரவில்லை. 2013இல் அதே நிறுவனம் லென்ஸ் கழலாத ஜிஆர் என்ற சின்னக் கேமராவைப் பெரிய சென்சாரோடு கொண்டுவந்தது. அந்த வரிசைதான் நிலைத்தது.

யோசனை தோற்றது என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் கைபேசியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று கண்கள் இருக்கும். ஒவ்வொரு லென்ஸுக்குப் பின்னும் அதற்கென்று தனி சென்சார். கழற்றி மாட்ட வேண்டியதில்லை, விரலால் தொட்டால் மாறும். ஜிஎக்ஸ்ஆர் நினைத்ததை, கப்ளிங் இல்லாமலே கைபேசி செய்துவிட்டது.

என் வேலைக்கு ஆகுமா?

ஒரு சாமான் நல்லதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, என் வேலைக்கு ஆகுமா என்று கேட்பது மேல். மேக்ரோ யூனிட் ஒரு பொருளை அதன் பாதி அளவில் சென்சார்மேல் விழச் செய்யும். நெகடிவ் 36க்கு 24 மி.மீ. பாதி என்றால் 18க்கு 12, அதாவது 216 சதுர மி.மீ. சென்சாரின் 370இல் இது சுமார் 58 சதவீதம். அந்த யூனிட் 12.3 மெகாபிக்சல், அதில் 58 சதவீதம் என்றால் 7 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். 8க்கு 10 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 7.2 மெகாபிக்சல் வேண்டும். கணக்கு ஏறத்தாழ நேராகிறது. சுவரில் மாட்டும் படத்துக்கு இது போதும்.

இன்னொரு நல்ல விஷயம், இது படத்தின் மூலப் பதிவை டி.என்.ஜி. என்ற வடிவில் எழுதுகிறது. 2004இல் அடோபி நிறுவனம் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட வடிவம் அது. கேமரா போனாலும் கோப்பு திறக்கும். இணைப்பில் காட்டாத தாராளத்தை இதில் காட்டியிருக்கிறார்கள்.

பையனிடம் வாங்குமுன் நான் பார்த்தவை இவை. பாட்டரி வீங்கியிருக்கிறதா, ஒரு மணி நேரம் தாங்குகிறதா. யூனிட்டைப் பத்து முறை கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் உடம்பு அதை அடையாளம் காண்கிறதா. வெள்ளைத் தாளை எடுத்தால் புள்ளி விழுகிறதா. லென்ஸில் பூஞ்சை உண்டா. எல்லாம் சரியாக இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு. பிள்ளைகளுக்கு முதல் கேமராவாக, பத்து வருடம் உழைக்கும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு இது வேண்டாம். பல நிறுவனங்கள் லென்ஸ் செய்யும் பொது அளவுள்ள கேமராவை, பழையதானாலும், வாங்குங்கள். என்னைப் போல ஒரே வேலைக்கு, அந்த வேலையை முடித்துவிடும் உறுதியோடு, மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். நான் வாங்கிவிட்டேன். எப்போது நின்றாலும் பழுது பார்க்க முடியாது என்று தெரிந்தே வாங்கினேன். அந்தப் பயம்தான் என்னைத் தினமும் வேலைக்கு உட்கார வைக்கிறது.

கேமராவைக் கீழ்நோக்கி ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, கீழே பால் வெள்ளை அக்ரிலிக் தகடு, அதற்கடியில் எல்.இ.டி. விளக்கு. கை படாமல் டைமரில் எடுக்கிறேன். ஓர் இரவுக்கு நாற்பது நெகடிவ் ஆகிறது. நான்காம் நாள், எங்கள் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைக்கும் படம் திரையில் தெளிந்து வந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். எங்கள் பேரப்பிள்ளைகள் பாட்டியையும் பார்த்ததில்லை, அந்தத் திண்ணையையும் பார்த்ததில்லை. வீடு விற்று முப்பது வருடம் ஆகிறது.

ஊரை விட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இன்றே இறக்கி முகர்ந்து பாருங்கள். காடி வாடை வந்தால் காத்திருக்காதீர்கள். என் பெட்டி முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்க நூலக அறையில் இந்தக் கேமராவோடு உட்காரத் தயாராக இருக்கிறேன். நெகடிவை உறையில் போட்டுப் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்களையும் கூடவே அழைத்து வாருங்கள். பெயரை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.