மெக்காலே துரையின் புத்தகப் பெட்டி

உத்தியோக நிமித்தமாக இரண்டு நாள் தங்குவதாக எண்ணி எமரால்டுக்குச் சென்ற நாம், ஐந்து நாள் தங்கும்படி ஆயிற்று. காரணம் மழை. உதகமண்டலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இந்தச் சிற்றூருக்கு ஆடி மாதத்தில் செல்கிறவர்கள், திரும்பி வரும் தேதியை வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவது விவேகமன்று. பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு அதிகமாக மழை கொட்டிற்று என்றால் நேயர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். நாம் போன சமயத்தில் அவ்வளவு இல்லை; ஒரு பெரிய கற்பூர மரம் சாலையின் குறுக்கே சாய்வதற்குப் போதுமான அளவே இருந்தது.

முதல் நாள் ஜன்னலைத் திறந்து ஏரியைத் தேடினோம். ஏரி இருந்த இடத்தில் மூடுபனி இருந்தது. இரண்டாம் நாள் ஜன்னலும் தெரியவில்லை. வந்த காரியம் நடைபெறுவதற்கு வேண்டிய மனிதர் மரத்துக்கு அந்தப் புறத்தில் அகப்பட்டுக்கொண்டார். எனவே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெட்டியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அவற்றுள் ஒன்று, மெக்காலே பிரபுவின் சரித்திரமும் கடிதங்களும் அடங்கிய நூல். அவருடைய தங்கை மகன் டிரெவெலியன் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நமது தேசத்தில் அதிகமாக வசை வாங்கியிருக்கும் ஆங்கிலேயர்களுள் மெக்காலே ஒருவர் அல்லவா? வைகிறவர்களில் எத்தனை பேர் அவர் எழுதியதைப் படித்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். நாமும் அதுவரை படித்ததில்லை.

படிக்கத் தொடங்கியதும் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அவரும் இதே மலையில், இதே மாதங்களில், இதே மழையில் அகப்பட்டுக்கொண்டவர்தாம்!

கதை இதுதான். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவின் கவர்னர் ஜெனரலுடைய சபைக்குச் சட்ட மெம்பர் ஒருவர் தேவையாயிற்று. சம்பளம் வருஷத்துக்கு 10,000 பவுன். மெக்காலே அப்போது பார்லிமெண்டில் பேர் பெற்ற பேச்சாளர். ஆனால் கையில் பணம் கிடையாது. தகப்பனாரின் வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்திருந்தது. சர்வகலாசாலையில் பரிசாகக் கிடைத்த தங்கப் பதக்கத்தைக்கூட விற்க நேர்ந்ததாம். சில வருஷங்கள் இந்தியாவில் உழைத்து, சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவது என்று திட்டமிட்டார். நம்மவர்கள் இன்று வளைகுடா நாடுகளுக்குப் போவதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். ஆகையால் இந்த விஷயத்தில் நாம் அவரைக் குறை சொல்ல மாட்டோம்.

1834 பிப்ரவரியில் தங்கை ஹன்னாவுடன் 'ஏசியா' என்னும் கப்பலில் ஏறினார். நாலு மாதப் பிரயாணம். புறப்படுவதற்கு முன் எந்தெந்தப் புத்தகங்களைக் கொண்டு போவது என்று தங்கைக்கு ஒரு ஜாபிதா எழுதியிருக்கிறார். ஹோமர், ஹொரேஸ், கிப்பன், வால்டேர், டான் குவிக்ஸோட் என்று அந்த ஜாபிதா நீள்கிறது. அதன் கடைசியில், பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் ஆரம்பப் பாடம் கற்பதற்கு ஏற்ற சில புத்தகங்களும் வேண்டும் என்று இருக்கிறது. இந்த வரியைப் படித்தபோது நமக்கு அவர்மீது திடீரென்று ஒரு பிரியம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

உதகமண்டலத்தில் வந்து இறங்கிய பிறகு, தம் சிநேகிதர் தாமஸ் எல்லிஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில், கப்பலில் உண்மையாகவே படித்து முடித்தவற்றின் கணக்குக் காணப்படுகிறது. சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் ஒருவரோடும் பேசாமல் படித்தாராம். இலியட், ஒடிஸி, விர்ஜில், ஹொரேஸ், ஸீஸர், தாந்தே, பெட்ரார்க், அரியாஸ்டோ, டாஸோ எல்லாம் ஆயிற்று. வால்டேர் மட்டும் 70 வாலியூம்! கிரேக்கம், லத்தீன், ஸ்பானிஷ், இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆக ஆறு பாஷைகள். பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் என்னவாயின? கணக்கில் அவற்றின் பேச்சையே காணோம்.

இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஜேம்ஸ் மில் எழுதிய சரித்திரம். மில் இந்தியாவில் கால் வைத்தவர் அல்லர். இந்திய பாஷை ஒன்றும் அறிந்தவர் அல்லர். அதைக் குறையாகவும் அவர் கருதவில்லை. நேரில் பாராதவனே நடுநிலைமையோடு எழுத முடியும் என்று முகவுரையில் வாதம் செய்தவர். கல்யாணத்துக்குப் போகாதவன்தான் சாப்பாட்டின் ருசியைப் பற்றி நியாயமாகச் சொல்ல முடியும் என்பது போன்ற வாதம் இது.

ஜூன் 10-ஆம் தேதி கப்பல் சென்னை வந்து சேர்ந்தது. கல்கத்தா போவதாகத்தான் திட்டம். ஆனால் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு உடல்நிலை காரணமாக நீலகிரியில் இருந்தார். உடனே மலைக்கு வரும்படி உத்தரவு காத்திருந்தது. தங்கையைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு, மெக்காலே ஒரு வாரத்துக்குப் பின் பல்லக்கில் ஏறினார். ஆர்க்காடு, பங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாகச் சுமார் 400 மைல். அவ்வளவு தூரமும் மனிதர் தோளில்.

சென்னையில் அவர் தங்கிய அந்த ஒரு வாரத்தைப் பற்றி நாம் சிறிது யோசித்துப் பார்த்தோம். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தமிழும் தெலுங்கும் கற்பதற்கென்று 1812-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட கல்லூரி அப்போது அந்த நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. அதை ஏற்படுத்தியவர்களில் முக்கியமானவர் பெயரும் எல்லிஸ்தான். ஆனால் இவர் பிரான்ஸிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளில் மூழ்கித் திளைத்தவர். தென்னாட்டு மொழிகள் ஸமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816-லேயே எழுதி வைத்தவர். 1819-ல் இறந்துவிட்டார். ஓர் எல்லிஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் மற்ற எல்லிஸின் ஊர் வழியாகப் பல்லக்கில் போய்விட்டார்!

பல்லக்குத் தூக்குவோர் களைப்புத் தெரியாதிருக்க மெட்டுப் போட்டு ஏதேனும் சொல்லிக்கொண்டே நடப்பது அக்காலத்து வழக்கம். உள்ளே இருப்பவரின் பருமனைப் பற்றியும் அதில் சில வார்த்தைகள் இருந்திருக்கலாம். துரைக்கு ஆறு பாஷைகள் தெரியுமாயினும், அவருக்கு அது வெறும் சத்தம்.

அவர் கண்ட நீலகிரி நாம் காணும் நீலகிரி அன்று. எமரால்டு ஏரி கிடையாது. கனடா தேசத்தின் உதவியோடு குந்தா மின்சாரத் திட்டம் உருவானபோது, 1950-களிலும் அதையடுத்தும் எழுந்த அணைகளால் உண்டான ஏரி இது. தேயிலைத் தோட்டம் கிடையாது. இந்தியாவில் தேயிலை பயிராகுமா என்று ஆராயப் பெண்டிங்கு கமிட்டி அமைத்ததே அந்த 1834-ல்தான். கற்பூர மரங்கூடப் பின்னால் வந்ததுதான். புல் வெளியும் சோலையும், தோதவர் எருமைகளும், படகர் வயல்களும் இருந்தன. மழை மட்டும் இப்போது போலவே இருந்தது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு முடியும்வரை அவர் அங்கே தங்கும்படியாயிற்று.

அந்த மழையில் நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. மெக்காலேயின் பெட்டியில் ரிச்சர்ட்ஸன் எழுதிய 'கிளாரிஸா' என்ற நாவல் இருந்தது. 1748-ல் வெளிவந்த ஏழு வாலியூம் கண்ணீர்க் கதை. அதை அவர் இரவல் கொடுக்கப் போக, மலையிலிருந்த துரைமார்களும் துரைசானிகளும் ஒரு வாலியூமை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் பறிக்காத குறையாகப் படித்தார்கள். வயதான டாக்டர் ஒருவர், சர்ச்சுக்கு வருவதற்கே கவர்னர் ஜெனரலின் உத்தரவு தேவைப்பட்ட மனிதர், கடைசி வாலியூமைப் படித்து அழுது, இரவுச் சாப்பாட்டுக்கு வர முடியாமல் படுத்துவிட்டாராம். தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற நம் வீட்டுப் பெண்மணிகள் இந்தத் துரைமாரிடம் அநுதாபம் கொள்ளுவார்கள்.

ஆனால் சிரிப்பு இத்துடன் முடிகிறது. தங்கையோடு சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கையில்தான் மெக்காலே கடல் கடந்தார். அந்த டிஸம்பரிலேயே தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சில வாரங்களுக்குள், இங்கிலாந்திலிருந்த மற்றொரு பிரியமான தங்கை மார்கரெட் காலமான செய்தி வந்தது. அவள் இறந்தது ஆகஸ்டில். அண்ணன் இங்கே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. செய்தி கப்பலில் வருவதற்குள் வருஷம் மாறிவிட்டது. கையில் புத்தகம் இல்லாமல் ஒரு நிமிஷமும் தனியே இருக்கத் துணிவில்லை என்ற கருத்தில் அவர் எல்லிஸுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டோம். அயலூரில் துக்கச் செய்தி பெற்றவர்களுக்கு அது விளங்கும்.

அந்தக் கடிதத்தின் தேதியைக் கவனியுங்கள்: 1835 பிப்ரவரி 8. அதற்கு ஆறு நாள் முன்பு, பிப்ரவரி 2-ஆம் தேதிதான், இந்தியாவின் கல்வியைப் பற்றிய அவருடைய பிரசித்தி பெற்ற குறிப்பு எழுதப்பட்டது. கீழ்நாட்டு இலக்கியம் அனைத்தும் சேர்ந்தாலும் நல்ல ஐரோப்பியப் புத்தக அலமாரியின் ஒரு தட்டுக்கு ஈடாகாது என்று தீர்ப்புச் சொன்ன குறிப்பு அது. வங்கத்துப் பக்கத்து ஜனங்கள் பேசும் பாஷைகளில் இலக்கியமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை என்று தள்ளிவிட்டார். தமிழின் பேச்சே இல்லை. ஸமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்பதை அதே குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். இதைப் போன்ற தைரியம் நமக்கு ஒரு நாளும் வராது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே 1835-ல் இந்தியப் பத்திரிகைகளுக்கு லைசென்ஸ் கட்டுப்பாட்டை நீக்கிய சட்டத்தை வரைந்தவரும் அவர்தான். பத்திரிகைக்காரர்களாகிய நாம் அந்த நன்றியை மறைக்கக் கூடாது. அவர் தலைமையில் 1837-ல் உருவான தண்டனைச் சட்ட நகல் 1860-ல் சட்டமாக நிறைவேறி, 2024 ஜூலை வரையில் நம்மை ஆண்டது. அறிவில் குறைந்தவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். 1838-ல் ஊர் திரும்பும்போது கப்பலில் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக ஒரு பாஷையைக் கற்றார். ஜெர்மன்! நாலு வருஷம் இருந்த தேசத்தை விட்டுப் போகும்போது, இருந்திராத தேசத்தின் பாஷை.

இந்த இடத்தில் மற்றொரு கப்பல் நம் ஞாபகத்துக்கு வந்தது. 1896-ல் டர்பனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த 'பொங்கோலா'. அதில் 26 வயது பாரிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரும் சம்பாத்தியத்துக்காகக் கடல் கடந்தவர்தாம். ஒரு வருஷத்து வழக்கு என்று போய், மூன்று வருஷம் தங்கிவிட்டவர். நேட்டாலில் தமிழ்த் தொழிலாளிகளின் குறைகளைக் கேட்கத் தமிழ் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. கப்பல் டாக்டர் கொடுத்த தமிழ்ப் போதினி ஒன்றை வைத்துக்கொண்டு, உதவிக்கு ஆள் இல்லாமலே படித்தார். உருதுவுக்கு, மேல்தட்டுப் பிரயாணிகளிடையே ஒரு முன்ஷியைத் தேடிப் பிடித்தார். காந்திஜியின் தமிழ் கடைசிவரையில் அரைகுறைதான். அவரே அதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். மெக்காலேயின் ஜெர்மன் அதைவிடப் பன்மடங்கு சிறப்பாக இருந்திருக்கும். ஆனாலும் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி, முன்பல் உடைந்து, முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றது இவருடைய வாசலில்தானே!

அந்தப் பிரயாணத்திலும் திட்டம் மாறிற்று. கல்கத்தாவில் இறங்கிப் பம்பாய்க்கு ரயில் ஏறியவர், அலகாபாத்தில் ஊரைப் பார்க்கப் போய், மருந்துக் கடையில் தாமதமாகி, ரயிலைத் தவறவிட்டார். ஒரு நாள் வீணாவானேன் என்று ஒரு பத்திரிகாசிரியரைப் பார்க்கப் போனார். அந்தச் சந்திப்பிலிருந்து தொடர்ந்த நிகழ்ச்சிகள்தாம், சில மாதங்களில் டர்பன் தெருவில் ஒரு கூட்டம் அவரை அடித்துப் போடும் அளவுக்குக் கொண்டு சென்றன. மெக்காலே இம்மலைக்கு வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1934-ன் தொடக்கத்தில், ஹரிஜன யாத்திரையில் காந்திஜியும் குன்னூருக்கும் உதகைக்கும் வந்து போனார்.

இவ்வளவும் யோசித்துவிட்டு நம் பெட்டியைப் பார்த்தோம். மெக்காலே சரித்திரம் ஒன்று. ஆங்கிலத் துப்பறியும் நாவல் இரண்டு. ஒரு பிரெஞ்சு நாவலின் மொழிபெயர்ப்பு. எமரால்டைச் சுற்றிப் படகர் ஊர்கள் இருக்கின்றன. நாலு நாளாகப் பஸ் நிலையத்திலும் கடையிலும் அந்தப் பேச்சு நம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நமக்கும் அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரப் பெரியவர் விசாரித்தார்:

"ஐயா, நாலு நாளா அந்தப் புஸ்தகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே, என்ன கதைங்க அது?"

சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தத் துரை இந்த மலையிலே எத்தனை நாள் இருந்தாருங்க?"

"இரண்டு மாதம்."

பெரியவர் பாலை ஆற்றிக்கொண்டே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகச் சிலோனுக்குப் போனவர். 1964-ல் இரண்டு தேசத்துப் பிரதம மந்திரிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, பேரன் கப்பலேறி இந்தப் பக்கம் வரும்படி நேர்ந்தது.

"நாங்க அங்கேயிருந்து வந்தப்போ எனக்குப் பன்னிரண்டு வயசுங்க. எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கிழங்குக் காட்டு வேலைக்குப் போனாங்க, ஒரு படகர் வீட்டிலே. ரெண்டே மாசம்! அந்த வீட்டு அம்மாகிட்டே படக பாஷையிலேயே சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க."

மழையை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்லுகிறது என்று கேட்டோம். சொன்னார். மெக்காலே சரித்திரத்தின் கடைசி வெற்றுத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினோம். சரியில்லை என்று இரண்டு முறை திருத்தினார். மூன்றாவது முறை படிப்பதற்குள், மரத்தை அறுத்து அப்புறப்படுத்தியாகிவிட்டது, பஸ் புறப்படுகிறது என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னான்.