தனக்கென எடுத்துக்கொள்ளாத சிவப்பணு



1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுண்ணோக்கியின் வழியே பார்த்தார். அடுக்கடுக்காய்ச் சிறு அறைகள் தென்பட்டன. சிற்றறை என்று பொருள்படும் 'செல்' என்ற பெயரை அவற்றுக்கு இட்டார். ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் நகரவாசிகளாகிய நமக்கு அந்தப் பெயர் எளிதில் விளங்கும்.

சிற்றறையானாலும் அதற்குள் ஒரு வீட்டின் ஒழுங்கு உண்டு. சுற்றியுள்ள சவ்வு, வரத்தக்கதை அனுமதித்துத் தகாததைத் தடுக்கும் வாசல். உள்ளே கூழ்போன்ற சைட்டோபிளாசம். உட்கரு, செல்லின் வேலைகளுக்கான கட்டளைகளைக் காத்து வைத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா, அடுப்பைப்போல் உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருகிறது.

ஆயினும் எல்லாச் செல்களும் ஒரே சாயலில் சிருஷ்டிக்கப்படவில்லை. செய்தி கடத்தும் நரம்பு செல், முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளத்திற்கு இழை நீட்டியிருக்கிறது. ஓயாமல் துடிக்கும் இருதயத்தசை செல்லில் மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கிறது. உணவை உறிஞ்சும் சிறுகுடல் செல், நுண்ணிய விரல்போன்ற நீட்சிகளால் தன் பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. அவயவங்களைக் குறித்துப் பவுல் 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தில் எழுதியது, கண்ணுக்குத் தெரியாத செல்களிலும் மெய்யாயிருக்கிறது.

இவற்றுள் இரத்தச் சிவப்பணு வியப்பானது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாய்ப் பங்கிட்டால் ஏழெட்டுப் பங்கே. இருபுறமும் குழிந்த தட்டுப்போன்ற வடிவம், பிராணவாயு விரைவாய் உட்புகவும், தன்னிலும் குறுகிய குழாயில் வளைந்து நுழையவும் உதவுகிறது. எலும்பு மச்சையில் உருவாகும்போது அதற்கு உட்கரு உண்டு. இரத்தத்தில் இறங்குமுன் அதை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. வெறுமையான இடத்தில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைகின்றன. ஆகையால், தான் சுமக்கும் பிராணவாயுவில் தனக்கென அது எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஏறக்குறைய 120 நாள் உழைத்து மறைகிறது.

இதை வாசிக்கையில், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டும் நம் வீட்டுத் தாய்மாரின் முகம் நினைவில் எழுகிறதல்லவா? அந்தத் தியாகத்தைப் புகழ்ந்து ஆமென் சொல்லி நிறுத்திவிடுவது எளிது. ஆனால் சிவப்பணு இன்னொன்றையும் போதிக்கிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள் இருந்தே ஆகவேண்டும். இரும்பு கிடையாவிடில், எத்தனை மனமிருந்தாலும் சுமக்க இயலாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. "ஜெபத்தில் உட்கார்ந்தால் சோர்ந்துபோகிறேன், பாஸ்டர்" என்று ஒரு சகோதரி சொல்லும்போது, ஆவிக்குரிய குறைவென்றெண்ணி இன்னுமொரு உபவாசத்தைச் சொல்லிவிடுகிறோம். சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. இருமுறை தட்டியெழுப்பி, முதலாவது புசிக்கச் செய்தான் (1 இராஜாக்கள் 19).

ஆகையால் ஜெபத்தோடுகூட இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறையலாகாது. கீரை, பயறு, மீன், ஈரல் ஆகியவற்றைச் சேருங்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பை உடலில் சேர்க்கும். உணவோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். சத்து மாத்திரையை மருத்துவர் சொற்படி உட்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சோகையுள்ளவர்களும் அவரைக் கேளாமல் உபவாசிக்க வேண்டாம்.

கணவன்மார்களே, பிள்ளைகளே, இன்றிரவு தாயையும் உங்களோடு பந்தியில் உட்காரச் செய்யுங்கள். கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களைச் சுகத்தோடு காத்து நடத்துவாராக. ஆமென்.