வெயிலைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுங்கள்

மருத்துவமனைக்கு முதன்முறையாக வருவோரிடம் சில கேள்விகளை நாங்கள் தவறாமல் கேட்கிறோம். வயது என்ன, சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்துகளை உட்கொள்கிறீர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் இதய நோய் இருந்ததா என்பன அவை. நாள்தோறும் எவ்வளவு நேரம் வெப்பத்தில் நிற்கிறீர்கள், இரவில் எத்தகைய கூரையின் கீழ் உறங்குகிறீர்கள் என்னும் கேள்விகள் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவையும் இடம்பெற வேண்டும் என்பதை அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன. அவற்றுள் முக்கியமான சில, நமக்கு மிக அருகில் போரூரிலும் சென்னை நகரிலும் பணியாற்றும் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களிடையே நடத்தியவை.

கோவில்பதாகை, ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. தொழிற்பேட்டைப் பட்டறையில் உலைக்கருகே நிற்பவரும், கட்டடப் பணியில் சித்தாளாகச் செல்பவரும், செங்கல் சூளையில் கல் அறுப்பவரும், உணவகத்தின் சமையற்கட்டில் பகல் முழுவதும் அடுப்பின் முன் நிற்பவரும் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். அவர்களுக்காகவும், அவர்களைப் பேணும் உறவினர்களுக்காகவும் அந்த ஆய்வுகளின் சாரத்தை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வெப்பத்தை விடப் புழுக்கம் கொடியது

சென்னையின் வானிலைப் பதிவுகளில் மிக உயர்ந்த வெப்பநிலை 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 பாகை செல்சியஸ். அத்தகைய நாள்கள் அரிதானவை. 36 அல்லது 37 பாகையே பதிவாகும் ஒரு சாதாரணக் கோடை நாளில் கூட நம் உடல் ஏன் இவ்வளவு சோர்கிறது?

விடை வியர்வையில் இருக்கிறது. வியர்வை வெளியேறுவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும். உடல் நீரையும் உப்பையும் இழக்கும்; வெப்பமோ உள்ளேயே தங்கிவிடும். கடலோர நகராகிய சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்களிலும் நிகழ்வது இதுவே. ஆகவே ஆய்வாளர்கள் வெறும் வெப்பநிலையை மட்டும் நோக்காமல், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் ஓர் அளவைப் பயன்படுத்துகின்றனர். கடினமான உடலுழைப்புக்கு அந்த அளவில் 27.5 பாகையே பாதுகாப்பான வரம்பு. நம் ஊரில் கோடையில் மட்டுமன்றி, ஆண்டின் பல மாதங்களில் அந்த வரம்பு எளிதில் மீறப்படுகிறது.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 பாகையைக் காட்டும் நிலையே மனித உடல் தாங்கக்கூடிய இறுதி எல்லை என 2010-ஆம் ஆண்டில் அறிவியலாளர் கணித்திருந்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நலமுள்ள இளைஞர்களைச் சோதனை அறையில் அமர்த்தி ஆராய்ந்து, அந்த எல்லை ஏறத்தாழ 31 பாகையே என்று 2022-இல் அறிவித்தனர். இளைஞர்க்கே இந்நிலை எனில், முதியோரும் நோயுற்றோரும் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே துன்புறுவர் என்பதை நாம் உணர வேண்டும்.

கருவுற்ற பெண்களும் வெப்பமும்

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழுவினர், 2017-ஆம் ஆண்டு தொடங்கி, தமிழ்நாட்டில் பணிபுரியும் 800 கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் உழைத்தவர்கள். ஏனையோர் பள்ளி, மருத்துவமனை போன்ற ஒப்பீட்டளவில் குளிர்ந்த இடங்களில் பணியாற்றியவர்கள். எனினும் இந்த இரண்டாம் பிரிவிலும் சிலர் வரம்பை மீறிய வெப்பத்திற்கு ஆளாகியிருந்தனர் என்பது கருதத்தக்கது.

வெப்பத்திற்கு ஆளான பெண்களிடையே கருச்சிதைவு 5 விழுக்காடாகவும், மற்றவர்களிடையே 2 விழுக்காடாகவும் இருந்தது. குறைந்த எடையுடன் குழந்தை பிறத்தலும் வெப்பத்தில் உழைத்தோரிடையே கூடுதலாகக் காணப்பட்டது. வயது, வருவாய் முதலிய பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னரும், கருவுக்கு நேரும் இடர் ஏறத்தாழ இருமடங்காகவே இருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். வெப்பத்தில் உழைத்த 100 பெண்களுள் 95 பேருக்குக் கருச்சிதைவு நேரவில்லை. ஆகவே வெயிலில் வேலைக்குச் சென்ற ஒவ்வொரு தாயும் அஞ்ச வேண்டியதில்லை. கருவை இழந்த தாய் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வதும் தகாது. குடும்பத்தார் அவரைப் பழிப்பது அதனினும் தகாது. ஒரு கருச்சிதைவுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். ஆயினும், குறைக்கக்கூடிய ஓர் இடரை அறிந்த பின் அதனைக் குறைக்க முயல்வது நம் அனைவரின் கடமை.

வெப்பம் கருவை எவ்வாறு தொடுகிறது என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. வயலில் உழைக்கும் 92 கருவுற்ற பெண்களை ஆய்வாளர்கள் அவர்களின் பணியிடத்திலேயே பரிசோதித்தனர். வெப்ப அழுத்தம் ஒரு பாகை உயரும்போதெல்லாம், கருவின் இதயத்துடிப்பிலும் கொப்பூழ்க்கொடியின் இரத்த ஓட்டத்திலும் தளர்ச்சிக்கான அறிகுறி தோன்றும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடியது. உடல் சூடேறும்போது அதனைத் தணிப்பதற்காக இரத்தம் தோலை நோக்கி மிகுதியாகப் பாய்கிறது. அந்நேரத்தில் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கருதும் காரணங்களுள் ஒன்று.

ஓசையின்றித் தளரும் சிறுநீரகம்

இதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் உப்பளங்களில் 352 தொழிலாளர்களையும் பரிசோதித்தனர். அவர்களுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைத்தனர். ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக மருத்துவர்கள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் உள்ள 3,350 வேளாண் தொழிலாளர்களை ஆராய்ந்து, 2025-இல் வெளியிட்ட முடிவும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. முதல் பரிசோதனையில் குறைபாடு காணப்பட்டோரை அவர்கள் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தனர். சிறுநீரகக் குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட நோய் எனப்படும். அவ்வாறு நீடித்தோர் சுமார் 5 விழுக்காட்டினர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வேறு தெளிவான காரணமோ இல்லை. இத்தகைய சிறுநீரக நோய் இலங்கையின் வட மத்திய மாகாணத்து உழவர்களிடையேயும், நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் நெடுங்காலமாகக் காணப்படுவது. அதற்கான முழுக் காரணமும் இன்னும் உறுதியாகவில்லை. எனினும், கடும் வெப்பத்தில் நீரின்றி உழைத்தலும், அதனால் நாள்தோறும் சிறுநீரகத்திற்கு நேரும் சிறு சிறு காயங்களும் முதன்மையான ஐயமாக உள்ளன.

இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. கால் வீங்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் மருத்துவமனைக்கு வருவோருக்குப் பெரும்பாலும் பாதித் திறனுக்கு மேல் போயிருக்கும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் இதனை முன்னதாகவே காட்டிவிடும். 'எனக்குத்தான் சர்க்கரை இல்லையே' என்னும் எண்ணத்தால், பல ஆண்டுகளாக வெப்பத்தில் உழைப்பவர் அப்பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

நடு அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் நிழற்கூடம் அமைத்து, ஓய்வு நேரத்தைக் கூட்டி, நீரைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்தபோது, தொழிலாளரின் சிறுநீரகக் காயங்கள் குறைந்தன. நீர், ஓய்வு, நிழல் என்னும் இம்மூன்றும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல.

நீர் அருந்தத் தயங்கும் பெண்கள்

'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று நாங்கள் அறிவுரை கூறும்போது பல பெண்கள் தலையசைத்துவிட்டுச் செல்கின்றனர். பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால், காலை முதல் மாலை வரை நீர் அருந்துவதையே அவர்கள் தவிர்க்கின்றனர் என்பதை அந்த அறிவுரை கணக்கில் கொள்வதில்லை. வெப்பம் மிகுந்த பணியிடங்களில் உழைக்கும் தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றிப் போரூர் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, கழிப்பறையின்மைக்கும் சிறுநீர்ப்பாதைத் தொல்லைகளுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. குடிநீரும் கழிப்பறையும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கட்டாயமாக்கப்பட்டவை. அவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. எங்களிடம் வரும் பெண்கள் இதனைக் கூச்சமின்றிச் செவிலியரிடமேனும் கூற வேண்டுகிறோம்.

வீட்டிற்குள் தங்கும் வெப்பம்

பகலில் சூடேறிய உடலுக்கு இரவே ஓய்வு. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெயிலை வீட்டிற்குள் இறக்கிவிடுகின்றன. கான்கிரீட் தளமோ பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடுகிறது. நீண்ட நாள் படுக்கையில் இருப்போருக்கு இது பெருந்துன்பம். கூரையின் மேற்புறத்தில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசுவது எளிய தீர்வுகளுள் ஒன்று. அம்பத்தூரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியின் கூரையில் இம்முறை செயற்படுத்தப்பட்டுள்ளது. ஏரிகளும் மரங்களும் சூழ்ந்த இடங்கள் தம்மைச் சுற்றியுள்ள வெப்பத்தைத் தணிப்பதால், நம் ஊர் ஏரியைக் காப்பதும் ஒருவகையில் உடல்நலப் பணியே.

பொது நடவடிக்கைகள் உயிர் காக்கும் என்பதற்கு அகமதாபாத் சான்று. 2010 மே மாத வெப்ப அலையின்போது அந்நகரில் வழக்கத்தைக் காட்டிலும் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர். 2013-இல் அந்நகரம் முன்னெச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்பின் ஆண்டுதோறும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் செய்ய வேண்டியவை

1. அடுத்த முறை வரும்போது உங்கள் பணியிடம், வெயிலில் நிற்கும் நேரம், வீட்டுக் கூரை, பணியிடக் கழிப்பறை வசதி ஆகியவற்றை மருத்துவரிடம் கூறுங்கள். கருவுற்றிருப்போர் முதல் பரிசோதனையிலேயே கூறுவது நன்று.

2. நீர் மாத்திரை எனப்படும் சிறுநீர்ப் பெருக்கிகளும், சில இரத்த அழுத்த மருந்துகளும், சில மனநல மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

3. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். நீர்மோர் நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இதயச் செயலிழப்பு உள்ளோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் மட்டும் தமக்கு வகுக்கப்பட்ட அளவை மீறலாகாது. அவர்களுக்கு இளநீரும் மோரும் கூட மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே.

4. முதியோர் தாகத்தை உணர்வது குறைவு. அவர்கள் கேட்காவிட்டாலும் வேளை தவறாமல் நீர் கொடுங்கள். மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள்.

5. உடல் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

வெயிலை நாம் நிறுத்த இயலாது; பலரால் வேலையை விடவும் இயலாது. நீங்கள் கூறும் இரண்டு வரிச் செய்தியைக் கொண்டு ஒரு மருந்தின் அளவை மாற்றவோ, ஒரு பரிசோதனையை முன்னதாகச் செய்யவோ, வெப்பமற்ற பணியைக் கோரும் சான்றிதழை வழங்கவோ எங்களால் இயலும். கேட்கத் தவறிய கேள்விகளை இனி நாங்கள் கேட்போம். நாங்கள் மறந்தால் நீங்களே தொடங்குங்கள்.