ஓம்ஸ் கணக்கு: மோட்டாரைத் தூக்குவதற்கு முன்...

‘5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். சாயங்காலமானால் ரிலே ட்ரிப் ஆகிறது. போர் வாயில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் காயில் 4 ஓம்ஸ்தான் காட்டுகிறது. 400 வோல்ட்டை 4 ஆல் வகுத்தால் 100 ஆம்ப்ஸ் வருகிறதே! காயில் போய்விட்டது, தூக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். தூக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

வேண்டாம். வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம்ஸ், இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தக் கணக்கு ஹீட்டருக்கு அப்படியே பொருந்தும். 230 வோல்ட்டில் 1,000 வாட்ஸ் ஹீட்டர் 4.35 ஆம்ப்ஸ் இழுக்கும். அதன் கம்பி சுமார் 53 ஓம்ஸ். மோட்டார் அப்படியல்ல. சுற்றும்போது உள்ளுக்குள்ளேயே எதிர் வோல்ட்டை உண்டாக்கிக்கொள்வதால், 4 ஓம்ஸ் காயிலும் 8 ஆம்ப்ஸ்தான் ஓடும். சுற்றாமல் நின்றுவிட்டால்தான் ஆம்ப்ஸ் பல மடங்கு எகிறிக் காயில் கருகும். எனவே ஓம்ஸ் எத்தனை என்பதைவிட, மூன்று ஜோடி வயர்களிலும் ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். 4.2, 4.2, 4.3 என்று வந்தால் காயிலில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கூடவே மெகர் வைத்து எர்த் அடிக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிய பிறகே செய்ய வேண்டும்.

அப்படியானால் ரிலே ஏன் விழுகிறது? ஸ்டார்ட்டர் ரூமிலிருந்து போர் வரை 200 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் காப்பர் கேபிள் இழுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். ஓம்ஸ் கணக்கு கைகொடுக்கும் இடமும் அதுவே.

மோட்டார் ஓடும்போது வயர்மேனை வைத்து இரண்டு முனையிலும் வோல்ட் பாருங்கள். ஸ்டார்ட்டரில் 400, போரில் 383 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 17 வோல்ட். த்ரீ ஃபேஸ் என்பதால் 1.732 ஆலும், பவர் ஃபேக்டர் 0.8 ஆலும் வகுத்தால், ஒரு வயரில் விழுவது சுமார் 12 வோல்ட். அதை 8 ஆம்ப்ஸால் வகுத்தால் 1.5 ஓம்ஸ். 200 மீட்டர் 2.5 ஸ்கொயர் காப்பருக்கு அவ்வளவுதான் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் வந்தால் ஜாயின்ட்டில் கோளாறு.

12 வோல்ட்டை 8 ஆம்ப்ஸால் பெருக்கினால் 96 வாட்ஸ். மூன்று வயருக்கு சுமார் 290 வாட்ஸ். தண்ணீர் இறைக்காமல் கேபிளைச் சூடாக்கியே இது வீணாகிறது. இலவச மின்சாரம்தானே என்று விட்டுவிடலாம், மோட்டார் விடாது. சாயங்காலம் லைனிலேயே வோல்ட் இறங்கும்போது, அதே தண்ணீரைத் தள்ள மோட்டார் 10 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். சூடு ஆம்ப்ஸின் வர்க்கத்தில் ஏறும்: 8 க்கு 64, 10 க்கு 100. ஒன்றரை மடங்குக்கும் மேல். ரிலே விழுவது மோட்டாரைக் காப்பாற்றத்தான்.

6 ஸ்கொயர் கேபிள் போட்டால் ஒரு வயருக்கு சுமார் 0.6 ஓம்ஸ். விழுவது 5 வோல்ட்தான். வீணாவதும் 120 வாட்ஸுக்குள் அடங்கும். லைனில் வரும் குறைவை இது சரிசெய்யாது. அதற்கு மின்வாரியத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். அதுவரை ரிலே செட்டிங்கை மட்டும் ஏற்றி வைத்துவிடாதீர்கள்.