மோட்டார் வேனுக்குள் ஸ்கூட்டர்

திண்டுக்கல்லிலிருந்து வெளியூர்க் கல்லூரி செல்லும் மாணவரின் ஸ்கூட்டரைக் குடும்ப வேனுக்குள்ளேயே ஏற்றிவிடலாமென்று சிலர் எண்ணுகின்றனர். யாம் அஞ்சுவது அதன் பளுவையன்று; பெட்ரோலையே. பெட்ரோலின் ஆவி காற்றினுங் கனமானது. ஆதலின் மேலெழாது வண்டியின் தரையிலேயே தேங்கும். நம் சமவெளியின் சித்திரை வெயிலில், மூடிய வேனுக்குள் அது விரைந்து பெருகும்; சிறு பொறியே போதும். இதுபற்றியே இரயில்வேயாரும் பெட்ரோலை வடித்த பின்னரே ஸ்கூட்டரைப் பார்சலாக ஏற்கின்றனர்.

1981இல் ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார், தம் சிட்டி என்னுங் காரின் பின்னறையில் அடங்குமாறு மோட்டோகாம்போ என்ற மடக்கு ஸ்கூட்டரைச் செய்தனர். படுக்கவைப்பினும் பெட்ரோல் கசியாதபடி அதனை அமைத்தமையே அவர்தம் நுண்ணறிவு. நம்மூர் ஸ்கூட்டர்களோ அங்ஙனம் அமைந்தவையல்ல. ஆகவே தொட்டியை வடித்து, நிமிர நிறுத்தி, நாற்புறமும் இறுகக் கட்டுதல் வேண்டும். வடித்த தொட்டியிலும் ஆவி எஞ்சுமாதலின் ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். குழந்தைகள் பஸ்ஸில் வரட்டும்.