செம்மறிக் குட்டிக்கு இரத்தக் கழிச்சல் ஏன் வருகிறது?

மாத்தளை மாவட்டத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஆட்டுக் கொட்டிலின் தரை நனைந்தே கிடக்குமானால், புழுக்கையோடு வெளியேறும் ஐமேரியா என்னும் ஒருகல ஒட்டுண்ணியின் முட்டையுறைகள், அதாவது தடித்த ஓடுடைய நுண்வித்துகள், சில நாட்களிலேயே தொற்றும் திறன் பெறுகின்றன. அழுக்கடைந்த மடியிலிருந்தோ தீனியிலிருந்தோ குட்டி அவற்றை விழுங்கியதும், ஒட்டுண்ணி குடற்சுவரின் கலங்களுக்குள் புகுந்து பெருகி அவற்றைச் சிதைத்து வெளியேறுவதால், குடல் சிவந்து வீங்கிப் புண்படுகிறது. இதுவே குடல் அழற்சி. நீரை உறிஞ்ச வேண்டிய பெருங்குடலே சிதைவதால்தான் கழிச்சல் இரத்தம் கலந்து, குட்டியை விரைவில் வற்றச் செய்கிறது. பெரும்பாலும் 4 முதல் 8 வார வயதுக் குட்டிகளே இதற்கு இலக்காகின்றன. தாய் ஆடோ நோயின் அறிகுறி எதுவுமின்றியே வித்துகளைச் சிந்திக்கொண்டிருக்கும். வழக்கமான கிருமிநாசினிகள் அந்த ஓட்டை எளிதில் துளைப்பதில்லை என்பதால், கால்நடை வைத்தியரின் மருந்தோடு, உலர்ந்த தரையும் உயர்த்திக் கட்டிய தீனித்தொட்டியும் கட்டாயம் வேண்டும்.